நேராகப் பார்க்காத நங்கை

கத்தரிக்காய் வாங்கப் போனால் பூசணிக்காயின் விலையைக் கேட்பார். பூசணியைத் தட்டிப் பார்ப்பார், காம்பைக் கிள்ளிப் பார்ப்பார், கட்டுபடியாகாது என்று கீழே வைத்துவிட்டு நாலடி நடப்பார். பிறகு ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பி, வந்ததற்கு அந்தக் கத்தரிக்காயையாவது போடச் சொல்வார். கடைக்காரருக்கு அதற்குள் இந்தம்மா எதையாவது வாங்கிக்கொண்டு நகர்ந்தால் சரி என்றாகியிருக்கும். வெயிலில் நின்ற எரிச்சலில் நான், கத்தரிக்காய்தானே வேண்டும், அதை நேராகக் கேட்டால் என்ன என்பேன். அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டு, இந்த வருசம் மழை பிந்துகிறது என்று பேசிக்கொண்டு வருவார்.

என் கணவரின் அக்கா அவர். பாலக்காட்டு எல்லையில் எங்கள் நல்லேப்பிள்ளிப் பக்கத்தில் அந்த முறையை நங்கை என்போம். ஊரில் எல்லோரும் அவரைக் கெட்டிக்காரி என்றார்கள். கள்ளி என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்ட நாட்களும் உண்டு. நான் வாயில் வந்ததைப் போட்டு உடைக்கிறவள். எங்கள் இருவருக்கும் எப்படி ஒத்துப்போனது என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அவர் குணம் தெரிந்துவிட்டது. மற்றவர்கள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் நேராகக் கட்டுத்தறிக்குப் போய் எங்கள் செவலைப் பசுவின் முன்னால் நின்றுகொண்டார். காப்பியை நான் அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் முகத்தை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. மாடு எத்தனை ஈத்து, பால் கறப்பது யார், உதைக்குமா என்று கேட்டார். கறப்பது நான்தான், உதைத்தால் திருப்பி ஒன்று வைப்பேன் என்றேன். காப்பியைக் குடித்துவிட்டுப் பசுவின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போயிற்று என்று அம்மா அழுதாள். மறுநாளே அவர்கள் வீட்டிலிருந்து சம்மதம் வந்தது.

கல்யாணமாகி வெகு நாளைக்குப் பிறகு, அன்றைக்கு என்னிடம் என்ன பிடித்தது என்று நேராகவே கேட்டேன். "நல்ல மாடு அம்முணி அது" என்றார். அவ்வளவுதான் பதில்.

இந்த வித்தையை அவர் கற்றது பொள்ளாச்சிச் சந்தையில். நங்கையின் வீட்டுக்காரர் எனக்கு முறைக்கு அண்ணன். நெல் வயல் இருந்தாலும் அவருடைய உயிர் ஆடு மாடுகளில்தான் இருந்தது. சந்தையில் எந்த ஆடு வேண்டுமோ அதைப் பார்க்கக் கூடாது, பக்கத்து ஆட்டின் பல்லைப் பார்க்க வேண்டும். கண் போன இடத்தில் விலை ஏறிவிடும் என்பார் அவர். விலை பேசுவதும் வாயால் இல்லை. இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்துத்தான் கேட்பதும் கொடுப்பதும். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். பேரம் படிந்ததும் கையை விட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கடியில் அண்ணன் சொன்ன சொல் மாறியதாக அந்தச் சந்தையில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

நங்கையின் வித்தை எப்போதும் பலித்தது என்று நினைத்துவிட வேண்டாம். பாலக்காட்டில் ஒரு பாத்திரக்கடையில் வெண்கல உருளி ஒன்றின் மேல் அவருக்கு ஆசை. வழக்கம்போல அதைப் பார்க்காமல் பக்கத்திலிருந்த குத்துவிளக்கை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து விலை குறைத்துக்கொண்டே போனார். அவர் கேட்ட விலைக்கே கடைக்காரர் விளக்கைக் கொடுத்துவிட்டார். அந்த நேரத்தில் வேறொரு அம்மாள் வந்து, நேராக உருளியைக் கேட்டு, வாங்கிக்கொண்டும் போய்விட்டார். பஸ்ஸில் வரும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நங்கை மடியில் விளக்கோடு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார்.

மகன் விஷயத்திலும் இப்படி ஆகிவிடுமோ என்றுதான் பின்னால் நான் பயந்தேன்.

அவர்களுக்கு ஒரே மகன். படித்துவிட்டு மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போனவன், அங்கே கொழுந்து பறிக்கிற குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். தெற்கத்திக் குடும்பம், வேறு சாதி. செய்தி வந்த அன்று அண்ணன் களத்துமேட்டில் உறவுக்காரர்களைக் கூட்டி வைத்து, உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி, இனி அவனோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கை வெந்துபோனது. யாரும் அவரைத் தடுக்கத் துணியவில்லை. நங்கை போய் ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்.

அதன் பிறகு மூன்று வருசம் அந்த வீட்டில் மகன் பேச்சே எழவில்லை. நங்கை அழுது நான் பார்த்ததில்லை. மனசு கல்லாகிவிட்டது போல என்று நான் என் கணவரிடம்கூடச் சொன்னேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பொள்ளாச்சியில் தெரிந்தது.

காந்தலூரிலிருந்து மலைப்பூண்டு கொண்டுவந்து விற்கிற ஒருவர் சந்தையில் கடை போடுவார். நங்கை வாராவாரம் அவரிடம் பூண்டு வாங்குவார். வீட்டில் பூண்டு மூட்டை கட்டி வைக்கிற அளவுக்குச் சேர்ந்துவிட்டது. ஒருநாள் நான் கூடப் போயிருந்தேன். நங்கை பூண்டை உருட்டிப் பார்த்துக்கொண்டே, மலையில் குளிர் அதிகமா, சின்னதுகளுக்குச் சளி பிடிக்குமே என்றார். அதெல்லாம் இல்லை, பாப்பா நன்றாக நடக்கிறது, தொப்பி போட்டால் கழற்றி எறிந்துவிடுகிறது, அதன் அப்பாதான் தோட்ட வேலையை விட்டு ராஜமலையில் காட்டைக் காக்கிற வாட்சராகிவிட்டார் என்றார் பூண்டுக்காரர். நங்கை தலையை நிமிர்த்தவே இல்லை. இன்னும் கொஞ்சம் பூண்டு போடச் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் வெடித்துவிட்டேன். மகனுக்குக் குழந்தை இருக்கிறதா, இத்தனை நாளாக இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்களா, போய்ப் பார்த்துவிட்டு வந்தால் என்ன, நான் கூட வருகிறேன் என்றேன். நங்கை பூண்டுப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"நா மட்டும் போயிப் பாத்துட்டு வந்தா, அப்பறம் அவிய சாகற மட்டும் பாக்க மாட்டாங்க அம்முணி. போனா அவியளோடதான் போகோணும்."

அவிய என்றது அண்ணனை. அன்றிலிருந்து நான் அவரைக் கவனிக்கத் தொடங்கினேன்.

அந்தச் சமயம்தான் ராஜமலைப் பக்கத்துப் புல்மலைகளைச் சரணாலயமாக்கி, வரையாடுகளைக் காக்கிறார்கள் என்ற பேச்சு எங்கள் ஊர்வரை வந்தது. என் கணவருக்கு மின்சார ஆபீசில் வேலை; மூணாற்றில் சிநேகிதர்கள் இருந்தார்கள். ஒருநாள் நங்கை வீட்டில் அவரும் அண்ணனும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நங்கை ரசத்தை ஊற்றிக்கொண்டே, மூணாற்று மலையில் ஒரு ஆடு இருக்கிறதாம், நம் வீட்டுக் கிடாயெல்லாம் அதன் பக்கத்தில் நின்றால் குட்டி மாதிரி இருக்குமாம் என்றார். அண்ணன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவருடைய கிடா சுற்றுவட்டாரத்தில் பேர்போனது.

"எவன் சொன்னான்?"

"யாரோ சந்தையில பேசிக்கிட்டாங்க. பொய்யாத்தான் இருக்கும், சாப்பிடுங்க."

இரண்டு நாள் கழித்து அண்ணனே அந்தப் பேச்சை எடுத்தார். அதைப் போய்ப் பார்க்க முடியுமா என்று என் கணவரிடம் கேட்டார். நங்கை குறுக்கே விழுந்து, அந்தக் குளிரில் யார் போவது, ஆடு பார்க்கவா இத்தனை தூரம், வேறு வேலை இல்லையா என்றார். அடுத்த வாரம் அண்ணன் மறுபடி கேட்டார். நங்கை மறுபடி வேண்டாம் என்றார். கடைசியில் அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டு, நான் போகத்தான் போகிறேன், நீயும் வரத்தான் வேண்டும் என்று கத்தினார். நங்கை பெரிய மனசு பண்ணிச் சம்மதித்தார். அவர் அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதை நான் மட்டும் பார்த்தேன்.

பயண ஏற்பாடு முழுக்க நங்கையுடையது. அனுமதி வாங்குவதும் ஜீப் பிடிப்பதும் என் கணவர் பொறுப்பு. உடுமலை வழியாக மறையூர் போய்ச் சத்திரத்தில் தங்கி, காலையில் மேலே ஏற வேண்டும். நங்கை என் கணவரை உட்கார வைத்து விவரம் கேட்டார். அவரைக்காய் நாரை உரித்துக்கொண்டே, ஆடு கிட்டே வருமா, நடக்க வேண்டுமா, கூட ஆள் வருவார்களா என்றார். வாட்சர் ஒருவர் கூட்டிப் போவார், அங்கே பேசக் கூடாது, சத்தம் கேட்டால் ஆடு விலகிவிடும், அதுதான் முதல் சட்டம் என்றார் என் கணவர்.

"ஒரு வார்த்தையும் பேசப்படாதா? யாருமா?"

"யாருமேதான் அக்கா."

அவரைக்காய் உரித்த கை அப்படியே நின்றுவிட்டது. அப்போது எனக்குப் புரிந்தது. அண்ணன் பேசமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தார், பார்க்கமாட்டேன் என்று செய்யவில்லை. யாருமே பேசக் கூடாத ஒரு இடத்தை நங்கை மூன்று வருசமாகத் தேடியிருக்கிறார். அந்த வாட்சர் யார் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அடுத்த சந்தையில் பூண்டுக்காரரிடம் நங்கை, அங்கே என்றைக்கு வந்தால் பூண்டு நன்றாகக் கிடைக்கும் என்றார். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், நான் சொல்லி வைக்கிறேன் என்றார் அவர்.

ஊருக்கு, காந்தலூரில் பூண்டு மலிவு, மூட்டையாக வாங்கி வரப் போகிறோம் என்று சொல்லியாயிற்று. ஜீப்காரருக்கும் அதேதான். என் கணவர்கூட ஆடு பார்க்கப் போவதாகவே நம்பிக்கொண்டிருந்தார். நானும் சொல்லவில்லை. என் வாய்க்கு அது பெரிய தண்டனை. கிளம்புகிற நாளில் நான் சிவப்புச் சேலை கட்டிக்கொண்டு வந்தேன். பச்சை மலையில் போய்ச் சிவப்பாக நிற்காதே என்று நங்கை தன்னுடைய மங்கலான நூல்சேலையைக் கொடுத்து மாற்றச் செய்தார். அண்ணனுக்கு நான் கம்பளி மப்ளரை எடுத்து வைத்தேன். நங்கை அதை எடுத்துவிட்டுச் சந்தைக்குப் போடுகிற பெரிய துண்டை மடித்து வைத்தார். மலைக்குளிருக்கு இந்தத் துண்டு என்னத்துக்கு என்றேன். இருக்கட்டும் என்றார்.

மறையூரில் தூங்கி எழுந்து காலையில் மேலே போனோம். தேயிலைத் தோட்டங்கள் முடிகிற இடத்தில் மரமே இல்லாத புல்மலை தொடங்குகிறது. மடிப்புகளில் மட்டும் கொஞ்சம் சோலைக்காடு, மீதியெல்லாம் வானம் தொடுகிற வரை புல். தடுப்புக்கட்டை போட்ட இடத்தில் ஜீப் நின்றது. பேசாதீர்கள் என்று மலையாளத்தில் ஒரு பலகை. காக்கிச் சட்டையும் கம்பளித் தொப்பியுமாக ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். திரும்புவதற்கு முன்பே அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. தோளைச் சாய்த்து நிற்பதில் அப்பனும் மகனும் ஒரே மாதிரி.

அண்ணன் ஒரு காலை ஜீப்பிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்தபடி நின்றார். திரும்பி ஏறிவிடுவார் என்று நினைத்தேன். என் கணவர் அப்போதுதான் விஷயம் புரிந்து என்னை முறைத்தார். நங்கை எதையும் காணாதவர் போல, மலை உச்சியைப் பார்த்துக்கொண்டு கீழே இறங்கி முன்னால் நடக்கத் தொடங்கினார். மகனைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டிப் போனார். மூன்று வருசமாகக் காணாத மகனை, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், ஒரு தாய் பார்க்காமல் கடந்து போனார். அவர் பின்னால் போன எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை.

இத்தனை தூரம் வந்துவிட்டு ஆட்டைப் பார்க்காமல் போகவும் அண்ணனுக்கு மனசில்லை. அவரும் இறங்கி வந்தார்.

மகன் ஒரு பாறைச்சரிவில் எங்களை உட்காரக் கை காட்டினான். அவன் அண்ணனுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தான். இன்னும் தள்ளி, தலையில் முக்காடிட்ட ஒரு பெண் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டிருந்தாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூடுபனி வந்து எங்களை மூடிவிட்டுப் போனது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. உருளியும் போய் விளக்கும் போய்த் திரும்பப் போகிறோம் என்று நான் நினைத்தேன்.

பனி விலகியபோது ஆடுகள் நின்றன. எங்கள் காலடிக்குக் கீழே, கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், மந்தையாகப் புல் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவில் ஒரு கிடா. கரும்பழுப்பு உடம்பு, முதுகில் மட்டும் வெள்ளிப்பூச்சுப் போட்ட மாதிரி நரை, பின்னால் வளைந்த தடித்த கொம்பு. அண்ணன் வாயைப் பிளந்துவிட்டார். அவருடைய கிடா தோற்றுத்தான் போயிற்று. அதன் வயதைத் தெரிந்துகொள்ளாமல் அவரால் இருக்க முடியாது என்பது எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தார், மூடினார். என் கணவரைப் பார்த்தார். அவருக்கு வெள்ளாடும் செம்மறியும் ஒன்றுதான். அண்ணன் மறுபடி கிடாயைப் பார்த்தார்.

பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்தார். வலது கையின் மேல் போட்டுக்கொண்டார். தலையைத் திருப்பாமல் அந்தக் கையைப் பின்பக்கமாக நீட்டினார்.

மகன் ஒரு கணம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நகர்ந்து வந்து தன் கையைத் துண்டுக்குள் விட்டான்.

கிடாய்க்கு எத்தனை வயசு என்று அப்பா விரலைப் பிடித்துக் கேட்டாராம். இவன் விரலைப் பிடித்துச் சொன்னானாம். அவர் நம்பாமல் குறைத்தாராம், இவன் விட்டுக்கொடுக்காமல் ஏற்றினானாம். இதெல்லாம் அவன் பிற்பாடு எனக்குச் சொன்னது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் துண்டு அசைந்ததுதான். இழுப்பதும் தட்டுவதும் சுணங்குவதுமாக ஒரு முழுப்பேரம் நடந்தது. பிறகு துண்டு அசையாமல் நின்றது. பேரம் படிந்துவிட்டது என்று தெரிந்தது. கையை விட வேண்டும், துண்டை உதறித் தோளில் போட வேண்டும், அதுதான் சந்தை வழக்கம். அண்ணன் கையை விடவில்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டே சரிவைத் தாண்டி மறைகிறவரை இரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

நங்கை அப்போதும் அவர்கள் பக்கம் திரும்பவில்லை. பக்கத்திலிருந்த புல்லை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

தடுப்புக்கட்டைக்குத் திரும்பி வந்ததும் முக்காட்டுப் பெண் தூக்குப்போசியிலிருந்து பாலில்லாத கட்டன்காப்பியை ஊற்றி அண்ணனிடம் நீட்டினாள். "குடிங்க மாமா, குளிரு தாங்காது" என்றாள் மெல்ல. அண்ணன் கொஞ்சம் நிதானித்து வாங்கிக் குடித்தார். சத்தியம் அவளைப் பற்றியும் இல்லையே. குழந்தை கம்பளித் தொப்பியைக் கழற்றித் தரையில் எறிந்தது. அண்ணன் குனிந்து அதை எடுத்துத் தட்டிக் குழந்தையின் தலையில் வைத்தார். அது மறுபடி எறிந்தது. அவர் மறுபடி எடுத்தார். இப்படியே விளையாட்டாகிவிட்டது.

கடைசியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையின் முன்னால் உட்கார்ந்தார். மகன் ஓர் எட்டு தூரத்தில்தான் நின்றான். அண்ணன் அவனைப் பார்க்கவில்லை, குழந்தையின் முகத்தைத்தான் பார்த்தார்.

"அம்முணி, உங்கப்பங்கிட்டச் சொல்லு. தைப்பொங்க நோம்பிக்கு உங்கம்மாளையும் உன்னையும் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வரோணும்னு சொல்லு."

குழந்தைக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டியது. மகன் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். நான் வாய்விட்டு அழுதேன். எனக்கு எதைத்தான் மறைக்கத் தெரியும்.

நங்கை ஜீப்பின் பக்கத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் சேர்ந்த புல்லை உதறிக்கொண்டிருந்தார். உதறி முடித்தார். முந்தானையைச் சரிசெய்தார். பிறகு திரும்பி, மகனின் முகத்தை நேராகப் பார்த்தார். பூண்டு வாங்கக் காந்தலூர் போக வேண்டும், நேரமாகிறது என்று ஜீப்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நங்கை பார்த்துக்கொண்டே நின்றார்.